கழுத்து அறுக்காத சட்டை

இது கதை இல்லை. நடந்தது. போன ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 9.20க்கும் 11.41க்கும் நடுவில் நடந்தது. பட்டப்பகல். பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் பேயைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நம்பாதவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். என் கணவரின் இடது கையைக் காட்டுகிறேன். விரலை எண்ணிப் பாருங்கள்.

என் பெயர் வினோதா. வயது முப்பத்திரண்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் பொய் சொல்கிற வாய் இல்லை.

நீங்கள் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்து, யாராவது ஏழைக்குப் போகட்டும் என்று மூட்டை கட்டிக் கொடுக்கிறீர்களே பழைய துணி, அது எங்கே போகிறது தெரியுமா? அதில் நல்லது நாலு பேர் உடம்புக்குப் போகும். மீதி எங்களிடம் வரும். புதுகும்மிடிப்பூண்டியில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். முதலாளி பெயர் குப்புராஜ். நாங்கள் ஆறு பெண்கள் அந்தத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டுவோம். சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் மெஷினைத் துடைக்க, கையில் இருக்கும் எண்ணெயைத் துடைக்க அவை போகும். வேஸ்ட் துணி என்பார்கள்.

வேலை இப்படித்தான். முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பட்டன், கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் நறுக்கி எடுக்க வேண்டும். ஏனென்றால் அவை மெஷினைக் கீறிவிடும். பிறகு வெட்டு. மேசையில் ஒரு கத்தி செங்குத்தாக நிற்கும். துணியை அதன்மேல் இழுத்தால் சர்ரென்று பிளந்துவிடும். அங்காளம்மாள் அக்கா பதினெட்டு வருஷமாக அந்தக் கத்தி முன்னால் நிற்கிறார். பழவேற்காடு பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம்.

அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தத் துணியாக இருந்தாலும் முதல் வெட்டு கழுத்தில்தான். காலரைத் தனியாக எடுத்த பிறகுதான் கை, முதுகு எல்லாம்.

"கழுத்த அறுத்துட்டா அது துணி. அறுக்காத வரைக்கும் அது ஆளு."

நான் சேர்ந்த முதல் நாளே இதைச் சொன்னார். "அப்ப பாவாடைக்கு இன்னாக்கா பண்ணுவே?" என்று கேட்டேன். ஷெட்டே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 9.20. புது மூட்டை ஒன்றைப் பிரித்தேன். நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்கிறீர்களா? எங்களுக்கு நேர் எதிரே ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. நாங்கள் டீ குடிக்கப் போனால் எப்போது திரும்புகிறோம் என்று பார்ப்பதற்காகவே முதலாளி மாட்டியது.

மூட்டையில் மூன்றாவதாக வந்தது அந்தச் சட்டை. சாம்பல் நிறம். முழுக்கை. கெட்டித் துணி. ஒரு கிழிசல் கிடையாது. விமலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. விமல் என் கணவர். சிப்காட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாரம் ஒரு உருப்படி நாங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அதை எடுத்துப் பக்கத்து மூட்டை மேல் வீசினேன்.

9.45. திரும்பிப் பார்த்தேன். நான் சுருட்டி வீசிய சட்டை விரிந்து கிடந்தது. இரண்டு கைகளும் என் பக்கம் நீண்டிருந்தன. ஃபேன் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

10.05. டீ குடித்துவிட்டு வந்தேன். சட்டையின் மணிக்கட்டுப் பகுதி இரண்டும் நனைந்திருந்தன. தொட்டேன். பிசுபிசுப்பு. விரலில் சிவப்பாக ஒட்டியது. கிரீஸ் எண்ணெய் எதிலோ பட்டிருக்கும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல சட்டை இப்படி வீணாகிவிட்டதே!

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. என் கருமித்தனம்தான், வேறென்ன. கறை கையில் மட்டும்தானே? கையை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை மடித்துத் தைத்தால் விமலுக்கு ஒரு சட்டை மிஞ்சும். வெயில் காலத்துக்கு ஆகும்.

காலரைத் தொடவே இல்லை. முதல் வெட்டு கையில் போட்டேன். 10.15.

துணியில் மடிப்பு இருந்தால் கத்தி கொஞ்சம் நிற்கும். எங்களுக்கு அது பழக்கம். ஆனால் அன்று வேறு மாதிரி நின்றது. நான் பலமாக இழுத்தேன். கறிக்கடையில் கோழிக் காலை மூட்டில் ஒடிப்பார்களே... அந்தச் சத்தம் வந்தது.

நறுக்.

இன்னொரு கை. மறுபடியும் அதே சத்தம்.

"ஆட்டோ வந்துட்சு, மூட்டையைக் கட்டுங்கமா! இன்னா ஆடிக்கினு இருக்கீங்க?" என்று முதலாளி வாசலில் கத்தினார். வெட்டிய இரண்டு கைகளையும் எதிரே இருந்த மூட்டையில் போட்டேன். வேஸ்ட் துணியில் சட்டைக் கைக்கு எப்போதும் மவுசு. நீளமாக இருப்பதால் எதையாவது சுற்றிக் கட்ட வசதி என்று கம்பெனி ஆட்கள் கேட்டு வாங்குவார்கள்.

10.25. ஆட்டோ போய்விட்டது.

10.30. மீதிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓரம் மடிக்கப் பார்த்தேன். சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி சூடு.

டக்... டக்...

சிமென்ட் தரையில் ஏதோ சொட்டியது. குனிந்து பார்த்தேன்.

சட்டையில் கை இருந்த இடத்திலிருந்து சொட்டியது. இரண்டு பக்கமும். ரத்தம்.

நான் அலறியதில் அங்காளம்மாள் அக்கா ஓடி வந்தார். சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கழுத்த உட்டுட்டியா?"

"அக்கா... அவருக்கு எடுத்துக்கினு போலாம்னு..."

"கை ரெண்டும் எங்கடி?"

"மூட்டையில. ஆட்டோ போயிட்சுக்கா."

"எந்தக் கம்பெனி மூட்டை?"

அது விமல் வேலை செய்யும் கம்பெனியின் மூட்டை.

அக்கா சட்டையை என் மடியிலிருந்து பிடுங்கினார். மேசைக்குக் கொண்டுபோய்க் காலரைக் கத்தியின் மேல் வைத்து இழுத்தார். அறுபடவில்லை. மறுபடி இழுத்தார். பதினெட்டு வருஷக் கை அது, வழுக்குகிற கை இல்லை. மூன்றாவது தடவை சட்டை தானாக வெடுக்கென்று இழுத்தது. அக்காவின் கட்டைவிரல் கத்தியில் போய் ஏறியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததை நான் பார்த்தேன்.

அவர் கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சட்டை அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது. யாரும் அதைச் சுற்றவில்லை. அது இறுக்க இறுக்க அவர் கண் பிதுங்கியது. முகம் கறுத்தது. நாலு பேர் பிடித்து இழுத்தோம். ஒருத்திக்கு நகமே பெயர்ந்துவிட்டது. எப்படியோ வந்தது. 10.41.

தரையில் கிடந்து இருமிக்கொண்டே அக்கா சொன்னார்.

"கை கெடைக்காம அது கழுத்தைக் குடுக்காதுடி. கையைத் தேடுது. இதையும் எடுத்துக்கினு போ. கையும் ஒடம்பும் ஒரே எடத்துல சேர்ந்ததும் கழுத்த முடிச்சுடு. போடீ... உன் ஊட்டுக்காரனைப் பாரு!"

விமலுக்குப் போன் அடித்தேன். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அக்கா கைக்குத் துணி சுற்றி அவரை முதலாளி வண்டியில் ஏற்றினோம். சட்டையை ஒரு கட்டைப் பையில் திணித்தேன். ஒரு கத்தியையும் போட்டேன். ஸ்கூட்டியை எடுக்கும்போது 11.05.

மழை தூறிக்கொண்டிருந்தது. சிப்காட் சாலையில் இரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. விமலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

11.20. டிரெய்லர் நகர்ந்தது. நானும் கிளம்பினேன்.

அப்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

யாரோ ஏறி உட்கார்ந்தால் எப்படித் தாழுமோ அப்படி.

கண்ணாடியில் பார்த்தேன். காலியான சீட். ஆனால் வண்டி இழுக்கவில்லை. பள்ளத்தில் இறங்கும்போது என் முதுகில் ஒரு மார்பு வந்து மோதியது. ஈரமான மார்பு. மூச்சு விடுகிற மார்பு.

பின்னால் உட்கார்ந்தவர் பள்ளத்தில் எதையாவது பிடித்துக்கொள்வார், இல்லையா? சீட்டையோ, என் தோளையோ?

பிடிக்கவில்லை.

பிடிக்கக் கை இல்லை...

11.32. கம்பெனி கேட். செக்யூரிட்டி சின்னதுரை அண்ணனுக்கு என்னைத் தெரியும். துணி மூட்டை விஷயமாக நான் பலமுறை போயிருக்கிறேன்.

"இன்னாமா, மூஞ்சி இப்படி வெளிறிப் போயிக்கீது?"

"அண்ணா, அவரைப் பாக்கணும். உடனே உள்ள உடுங்க!"

"போ, போ. கூட வந்தவரு ஏற்கெனவே உள்ள பூட்டாரு."

"யாரு?"

"உன் பின்னாடி உக்காந்துகினு வந்தாரே. நம்ம பழைய யூனிபார்ம் மாதிரி கிரே சட்டை. ரெண்டு கையும் பேன்ட் பாக்கெட்ல உட்டுக்கினாரு போல, கையே தெரியல... கூப்புட்டேன், திரும்பவே இல்ல."

நான் பையைப் பார்த்தேன். சட்டை பைக்குள்தான் இருந்தது.

ஓடினேன்.

பிரஸ் மெஷின் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கீழே ஒரு இரும்பு அச்சு. மேலே யானை கனத்தில் இன்னொரு அச்சு. நடுவில் தகடு வைப்பார்கள். மேல் அச்சு இறங்கித் தகட்டை நசுக்கி வடிவம் கொடுக்கும். முன்னால் இரண்டு சுவிட்ச். இரண்டையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அச்சுக்குள் கை மாட்டக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் வேகமாக வேலை நடக்க வேண்டும் என்று பழைய மெஷினில் நம் ஆட்கள் ஒன்று செய்வார்கள். ஒரு சுவிட்சை அழுத்தியபடியே துணியால் கட்டிவிடுவார்கள். ஒரு கை சுவிட்சுக்கு, ஒரு கை தகடு வைக்க. விமலும் அப்படித்தான் செய்வார். எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

11.36. விமலைப் பார்த்தேன்.

இடது சுவிட்சைக் கட்டியிருந்தது சாம்பல் நிறச் சட்டைக் கை.

அது தட்டையாக இல்லை. உள்ளே கை இருக்கிற மாதிரி உப்பியிருந்தது.

இன்னொன்று விமலின் இடது மணிக்கட்டில். எண்ணெய் துடைக்கச் சுற்றியிருக்கிறார்.

"ஏங்க! அதைக் கழட்டுங்க! கழட்டுங்க!"

மெஷின் சத்தம். கேட்கவில்லை.

தடால்... தடால்...

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டுத் துணி இறுகியது. விமல் கையை உதறினார். அது விடவில்லை. அவர் கையை அச்சுக்குள் இழுத்தது.

அவர் முகத்தில் நான் பார்த்த பயத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நான் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். பக்கத்து மெஷினில் இருந்த ஆகாஷ் ஓடி வந்து மெயின் சுவிட்சை இறக்கினான். மொத்தக் கம்பெனியும் நின்றது. விளக்கு அணைந்தது.

இந்த ஒரு மெஷின் மட்டும் நிற்கவில்லை.

மேல் அச்சு மறுபடி ஏறியது. கரண்ட் இல்லாமல் ஏறியது.

"வினோ... கை... என் கை..."

தடால்!

என் முகத்தில் சூடாகத் தெறித்தது. விமலின் அலறல். சுண்டு விரலும் மோதிர விரலும் தகட்டோடு தகடாக ஒட்டிக் கிடந்தன.

துணி இன்னும் விடவில்லை. முழங்கை வரை உள்ளே இழுத்தது. அச்சு மறுபடி ஏறியது.

11.40.

பையைக் கவிழ்த்தேன். சட்டை துள்ளி விழுந்தது. கத்தி எங்கோ உருண்டுவிட்டது. தேட நேரமில்லை.

சட்டையை எடுத்தேன். அது திமிறியது. பல்லால் கடித்து, முட்டியால் அமுக்கி, காலரை மட்டும் அச்சுக்கு நடுவில் திணித்தேன்.

சட்டை திமிறுவதை நிறுத்தியது.

அசையாமல் கிடந்தது.

ஒரு குரல் கேட்டது. என் காதுக்குப் பக்கத்தில். ஆண் குரல்.

"வேணாம்கா..."

தடால்.

மளுக்.

துணி நசுங்கும் சத்தம் எனக்குத் தெரியும். அது துணி இல்லை.

விமலின் மணிக்கட்டிலிருந்த துணி தளர்ந்து விழுந்தது. சுவிட்சில் இருந்தது தட்டையானது. மெஷின் நின்றது. ஆகாஷின் கையில் கடிகாரம். 11.41.

ஆஸ்பத்திரியில் விமலுக்கு விரல் இரண்டும் போனது போனதுதான். ஆனால் ஆள் இருக்கிறார், கை இருக்கிறது. அது போதும் எனக்கு. அங்காளம்மாள் அக்காவுக்குக் கட்டைவிரலில் ஒன்பது தையல். கம்பெனியில் மெஷின் கோளாறு என்று எழுதி முடித்துவிட்டார்கள். சட்டையை ஆகாஷ் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான்.

நாலாவது நாள் சின்னதுரை அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நான் விடாமல் கேட்டதில் சொன்னார். அந்தச் சாம்பல் யூனிபார்மை மாற்றி ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அதே மெஷினில் வெங்கடேசன் என்று ஒருவர் இருந்தார். அவர் இரண்டு சுவிட்சையுமே துணியால் கட்டிவிட்டுத்தான் வேலை செய்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே அடியில் இரண்டு கையும் போய்விட்டது. செவ்வாப்பேட்டைக்காரர்.

அந்த அடியிலேயே செத்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். செத்துப்போன மனுஷன் கையைத் தேடி அலைந்திருக்கிறார் என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவர் வீட்டுக்காரியைப் பார்த்து, ஏதாவது பரிகாரம் செய்யச் சொல்லலாம் என்று அதற்கு ஒரு வாரம் கழித்து ரயில் மாறிச் செவ்வாப்பேட்டைக்குப் போனேன். சின்னதுரை அண்ணன் சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சுவரில் மாலை போட்ட போட்டோ. அவர் மனைவி இளமதிக்கு முப்பது வயது கூட இருக்காது. பழைய துணி வெட்டும் ஷெட்டில் வேலை செய்கிறேன், உங்கள் வீட்டுச் சட்டை ஒன்று வந்தது என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாங்கா. மூட்டை கட்டிக் குடுத்தேன். கை போனதுக்கு அப்பறம் அவரால பட்டன் போட முடியல. சட்டையைப் பாத்தாலே அழுவாரு. அதான் எல்லாத்தையும் குடுத்துட்டு, பனியனும் லுங்கியும் மட்டும் வச்சுகினேன்."

"அப்ப அவரு... உயிரோட இருக்கும்போதா குடுத்தீங்க?"

"ஆமா. அவரு தவறிப் பத்து நாளுதான்கா ஆவுது. போன வாரம் செவ்வாக்கெழமை."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அதே செவ்வாய்க்கிழமை.

"காலையில நல்லாத்தான் நாஷ்டா ஊட்டினேன். பத்தே கால் இருக்கும், யாரோ என் கையை அறுக்குறாங்க, வேணாம்னு சொல்லுன்னு கத்தினாரு. இல்லாத கை எப்பவும் வலிக்கும் அவருக்கு, அதான்னு நெனச்சேன். அப்பறம் சாய்ஞ்சு உக்காந்துகினு கண்ணை மூடிட்டாரு. பதினொன்னே காலுக்கு மேல சிரிச்சாரு. கை கெடைச்சிடுச்சு இளமதி, உள்ள மாட்டிக்கினு இருக்கு, புடிச்சு இழுத்துக்கினு வந்துடறேன்னாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினொன்னே முக்காலுக்குப் போயிப் பாத்தா, நாற்காலியிலயே... கழுத்து முழுசா நசுங்கிக் கெடந்துச்சுக்கா. ஊட்டுல நான் ஒருத்திதான். கதவு உள்பக்கம் தாப்பா. இவரு மேல இன்னா கனம் உழுந்துச்சுன்னு டாக்டரு கேட்டாரு. நான் இன்னான்னு சொல்றது?"

நான் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நீளமான வாய், அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கொடுத்த காபியைக் குடித்தேன்.

வெளியே வந்தபோது வாசலில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மறுபடி ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று என்னை வழியனுப்ப வந்த அவளிடம் சொன்னார். புருஷன் கழுத்தை நசுக்கிக் கொன்றதாக அவள்மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள். அந்தக் கேஸ் இன்னும் நடக்கிறது.